ஊற்றுக்கண் பாறை

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. நீயும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போகலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அந்த வரிக்கு மட்டும் இடம் விட்டுவைக்கிறேன், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

போன் என்று ஒன்று இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் மலை என்று வாயைத் திறந்தாலே நீ “சரி சரி, அப்புறம் பேசலாம்” என்று சொல்லி அண்ணியிடம் கொடுத்துவிடுகிறாய். அண்ணி பாவம், என்ன பேசுவது என்று தெரியாமல் இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்கிறார். கடிதத்தை அப்படிக் கைமாற்றிவிட முடியாது. பிரித்தால் படித்துத்தான் ஆக வேண்டும்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ கட்டுகிற புதுப் பிரார்த்தனைக் கூடம் எழும்பிவிட்டது. பழைய ஓட்டுக் கூடம் அதன் பக்கத்தில் ஒரு கோழிக்கூடு போலத் தெரிகிறது. சுவர் முழுக்க நம் மலைக் கல். வெயில் சாய்கிற நேரத்தில் கல்லில் லேசாக ஒரு சிவப்பு ஓடுகிறது, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். ஊரில் உன் பேச்சுதான். கல் லாரியில் கிளீனராகப் போன காலத்தில் உன்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் எல்லாம் இப்போது என் கடைக்கு வந்து “உங்க அண்ணன் மாதிரி ஒரு மனுஷன் உண்டா” என்று கேட்கிறார்கள். நானும் உண்டு உண்டு என்று சொல்லிக்கொண்டே அவர்கள் சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன்.

அந்தச் சட்டைகளைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். எங்கள் சலவைக்கடையில் வெளியே கொடி கட்டுவதை நிறுத்திவிட்டோம். வெள்ளைத் துணியைக் காயப்போட்டால் மத்தியானத்துக்குள் சாம்பலில் புரட்டி எடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. உன் கிரஷர் மலையடிவாரத்துக்கு வந்ததிலிருந்து இப்படி. முன்பு மலைக்குப் பின்பக்கம்தானே உடைத்தார்கள்? அங்கே நல்ல கல் தீர்ந்துபோய் முன்பக்கம் வந்துவிட்டார்கள். இப்போது எங்கள் தெருமுனையிலிருந்து பார்த்தாலே கல் அரைக்கிற இயந்திரம் தெரிகிறது. இவர் உள்ளறையில் கொடி கட்டி, மின்விசிறியைப் போட்டு, ஜன்னலுக்கு ஈரப் போர்வை மாட்டிக் காயவைக்கிறார். போர்வையைத் தினமும் அலச வேண்டியிருக்கிறது. துணியைக் காப்பாற்ற இன்னொரு துணியைத் துவைக்கிற பிழைப்பு.

மலையடி ஊற்றுத் தண்ணீரும் நிறம் மாறிவிட்டது. வாளியில் பிடித்து வைத்தால் மாவு கரைத்த மாதிரி இருக்கிறது. தெளியவிட்டால் அடியில் வெள்ளையாகப் படிகிறது. கூடத்துக்கு வருகிறவர்கள் கைகால் கழுவுகிற கல்தொட்டிக்கும் அதே தண்ணீர்தான். முகம் கழுவிவிட்டு உள்ளே போனால் காய்ந்தபிறகு முகத்தில் பவுடர் பூசிய மாதிரி ஒரு பூச்சு. சென்ற வாரம் கூடம் முழுக்க வெள்ளை முகங்கள். சிரிக்கலாம் என்று பார்த்தேன், வரவில்லை.

அந்த வாரம் இன்னொன்றும் நடந்தது. பிரார்த்தனையின் முடிவில் நாம் எல்லோரும் சேர்ந்து சொல்வோமே, மலையும் மரமும் நீரும் உன்னுடையவை, எங்கள் கையில் கொடுத்துவைத்திருக்கிறாய், கொடுத்தபடியே திருப்பித் தருவோம் என்று. கூடத்துப் பெரியவர் “கொடுத்தபடியே” என்று ஆரம்பிக்கும்போது மேலே வெடி வெடித்தது. விளக்கு ஆடியது. ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. சத்தம் அடங்கும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருந்தோம், பிறகு விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தோம். நானும்தான் சொன்னேன்.

இப்போது உன் மருமகள் விஷயம். பட்டாணிக்கு இருமல் நிற்கவில்லை. படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறாள். டாக்டர் மூச்சில் இழுக்கிற மருந்து கொடுத்திருக்கிறார். தூசி இல்லாத இடத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். எந்த அறை என்று அவரே சொல்லியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் அறைக்கு வெளியே பெஞ்சில் எங்கள் தெருப் பிள்ளைகள்தான் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஏதோ பள்ளிக்கூடத்தை அங்கே மாற்றிவிட்ட மாதிரி.

அண்ணா, நீ எதற்காகக் கட்டுகிறாய் என்று எனக்குத் தெரியாதா? இவள் குறைமாதத்தில் நீலம் பாரித்துப் பிறந்தபோது, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தபோது, நீதானே ஆஸ்பத்திரியிலிருந்து மலையடிக்கு ஓடினாய். ஊற்றில் முகம் கழுவிக்கொண்டு கூடத்தைப் பார்த்து நின்று, “இவ மூச்சு மட்டும் நிக்காம இருக்கட்டும், இந்த மலைக் கல்லாலேயே உனக்கு வீடு கட்டறேன்” என்று வாக்குக் கொடுத்தாய். நீ திரும்பி வந்தபோது இவள் அழுதுகொண்டிருந்தாள். பட்டாணி அளவு இருந்துகொண்டு என்ன குரல் என்று நீதான் அந்தப் பேரை வைத்தாய். நான் எதையும் மறக்கவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். கூடத்துக்கு வேண்டிய கல் கிட்டத்தட்ட வந்துவிட்டது. கிரஷரை அடிவாரத்திலிருந்து எடுத்துவிடு. ஊற்றுப் பக்கம் வெடி வைக்க வேண்டாம் என்று மேஸ்திரிக்கு ஒரு வார்த்தை சொல். உன் வார்த்தை தவிர வேறு எதற்கும் அவர் அசைய மாட்டார்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். மேலே விட்டுவைத்த வரியை இன்னும் எழுத முடியவில்லை.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை

* * *

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் பதில் வந்தது. உன் பதில் என்று சொல்வதா, உன் கணக்குப்பிள்ளையின் பதில் என்று சொல்வதா? “மேற்படி விஷயமாகத் தங்களுக்குத் தெரிவிப்பது” என்று எந்த ஊர் அண்ணன் தங்கைக்கு எழுதுவான்? கீழே கையெழுத்து மட்டும் உன்னுடையது. அதையும் அவசரத்தில் போட்டிருக்கிறாய், வால் நீண்டுபோயிருக்கிறது.

சரி, கோபத்தை ஓரமாக வைக்கிறேன். நீ சொன்னதெல்லாம் புரிந்தது. மலைக் கல் என்று வாயால் சொன்னபிறகு வேறு கல்லை வைக்கக் கூடாது. பாதியில் விட்டால் கொடுத்த வாக்கு கொடுத்தவர் தலையில் விழாது, யாருக்காகக் கொடுத்தோமோ அவர்கள் தலையில் விழும். தூசி அடங்கத் தண்ணீர் தெளிக்க ஏற்பாடு செய்திருக்கிறாய். அதுவரை பட்டாணியை உன் வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும். இவ்வளவுதானே?

தண்ணீர் தெளித்தார்கள், அண்ணா. நீ சொன்னாய் என்று மறுநாளே ஆரம்பித்துவிட்டார்கள். எந்தத் தண்ணீர் தெரியுமா? ஊற்றுத் தண்ணீர். ஊற்றுக்குழியில் மோட்டாரை இறக்கி, குழாய் போட்டு, பாதைக்கும் கல் குவியலுக்கும் நாள் முழுக்கப் பீய்ச்சினார்கள். ஒரு வாரம் தூசி குறைந்தது நிஜம். நான் கூடக் கொடியை வெளியே கட்டினேன், எங்கள் அண்ணன் சொன்னால் நடக்கும் என்று பக்கத்துக் கடைக்காரியிடம் பெருமையடித்துக்கொண்டேன். அப்புறம் ஊற்று நின்றுவிட்டது. கோடையிலும் வற்றாத ஊற்று. மோட்டார் காற்றைக் குடித்துக் கத்தியதும் அணைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். இப்போது தண்ணீரும் இல்லை, தூசியும் பழையபடி. மேஸ்திரி மேல் தப்பு இல்லை. தண்ணீர் தெளி என்று நீ சொன்னாய், எங்கிருந்து என்று நீயும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பிரார்த்தனைக்கு வருகிறவர்கள் கைகால் கழுவ இப்போது டேங்கர் லாரி வந்து நிற்கிறது. தொட்டிக்குப் பக்கத்தில் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும், குழாயைத் திறந்தால் மருந்து வாடை அடிக்கிறது. கழுவிக்கொண்டு போய், நீரும் உன்னுடையது என்று சொல்கிறோம். டேங்கர்காரர் சொந்தம் கொண்டாடாமல் இருந்தால் சரி.

ஊற்றுக்குழியில் சின்னச் சின்ன மீன் இருக்குமே, கண்ணாடி மாதிரி, உள்ளே முள் தெரியும். நீ சின்ன வயதில் அதைப் பிடித்து என் சட்டைக்குள் போட்டு அடி வாங்கியிருக்கிறாய். ஊற்று நின்ற அன்று பட்டாணி பள்ளிக்கூடத்திலிருந்து நேராக அங்கே போயிருக்கிறாள். சேற்றில் துடித்ததையெல்லாம் பொறுக்கி, சாப்பாட்டு டப்பாவில் போட்டு, அந்த மூச்சிரைப்போடு ஓடிவந்து எங்கள் அலசுகிற தொட்டியில் விட்டாள். தொட்டியில் இருந்தது டேங்கர் தண்ணீர். அவளுக்குத் தெரியவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக வயிற்றைக் காட்டி மிதந்தன. அவள் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவும் இல்லை. “காப்பாத்தணும்னுதானம்மா கொண்டுவந்தேன்” என்று மட்டும் சொன்னாள். எனக்கு உன் நினைப்பு வந்தது. ஏன் என்று நான் எழுதத் தேவையில்லை.

கூடத்துப் பெரியவரிடம் போனேன். கொடுத்த வாக்கை மாற்றிக்கொள்ள வழி உண்டா என்று கேட்டேன். கொடுத்தபடியே திருப்பித் தருவோம் என்று வாரம் தவறாமல் எங்களைச் சொல்ல வைக்கிறீர்களே, அது வாக்கு இல்லையா, அது மட்டும் சும்மா பாட்டா என்றும் கேட்டேன். நல்ல மனிதர், ஆனால் புதுக் கூடத்தில் அவருக்கு மின்விசிறியோடு ஒரு அறை கட்டியாகிவிட்டது. கடைசியில் “இது பெரிய விஷயம்மா, யோசிக்கணும்” என்றார். அங்கே இருந்தவர்கள் அவ்வளவு யோசிக்கவில்லை. சாமி காரியத்துக்குக் குறுக்கே நிற்கிறேன் என்றார்கள். ஒருத்தர் “அண்ணன் செழிப்பா இருக்கிறது தங்கச்சிக்குப் பொறுக்கல” என்று என் காதுபடவே சொன்னார். அவர் பேத்தியும் அந்த டாக்டர் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது அவர் வீட்டுத் துணி எங்கள் கடைக்கு வருவதில்லை.

பட்டாணியை அனுப்பச் சொன்னாய். நானும் பையில் துணி எடுத்துவைத்தேன். இந்தப் பரீட்சை முடியட்டும், மழை வந்து ஊற்று திறந்தால் மீன் வருகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாமாவிடம் சொல் என்கிறாள். இவரும் பரீட்சை முடியட்டும் என்கிறார். அவளை அனுப்பலாம் அண்ணா, அனுப்பத்தான் போகிறேன். ஆனால் அந்த பெஞ்சில் இருக்கிற மற்றவர்களுக்கு மாமா வீடு இல்லையே.

திறப்பு விழாவுக்குக் கீழே விரிக்கிற வெள்ளை விரிப்புகளை என் கடையிலேயே வெளுக்க வேண்டும் என்று ஆசையாகச் சொல்லியனுப்பியிருக்கிறாய். வந்துவிட்டது, கட்டுக்கட்டாக அறையில் கிடக்கிறது. எந்தத் தண்ணீரில் அலசுவது, எங்கே காயவைப்பது என்பதையும் கணக்குப்பிள்ளையிடம் எழுதச் சொல்.

கோபத்தில் எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள். கோபம் இல்லாமல் எழுதினால் அழுகைதான் வரும்.

உன் தங்கை

* * *

அண்ணா,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்குப் போன் போட்டோம். நீ வெளியூரில் இருப்பதாக அண்ணி சொன்னார். அழுதுகொண்டே சொன்னதால் பாதி புரியவில்லை. அதனால் எல்லாவற்றையும் இதில் எழுதுகிறேன்.

பட்டாணி நேற்று பள்ளிக்கூடத்தில் விழுந்துவிட்டாள். மத்தியான இடைவேளையில் வெடி வைத்தார்கள், காற்று இந்தப் பக்கம் அடித்தது, மைதானம் முழுக்கப் புகை மூட்டம் மாதிரி. மற்றப் பிள்ளைகள் உள்ளே ஓடிவிட்டார்கள். இவளால் ஓட முடியவில்லை. வாத்தியார் தூக்கிக்கொண்டு வந்தார். வரும்போது உதடு நீலமாக இருந்தது. பிறந்த அன்று பார்த்த அதே நீலம், அண்ணா.

ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். மூக்கையும் வாயையும் மூடின அந்தப் பிளாஸ்டிக் முகமூடி அவள் முகத்துக்குப் பெரிதாக இருக்கிறது. பேச முடியவில்லை, கண்ணால் பேசுகிறாள். இந்த நிலைமையில் வேறு ஊருக்கு எடுத்துப்போகவே கூடாது என்கிறார் டாக்டர். பரீட்சை முடியட்டும் என்றோமே, அந்தப் பரீட்சை நாளைக்கு.

இன்று காலை இவரை அவளிடம் விட்டுவிட்டு நான் மலைக்குப் போனேன். ஊற்றுக்கண்ணுக்கு மேலே நிற்கிற பெரிய பாறை உனக்கு ஞாபகம் இருக்கும், நாம் சறுக்கி விளையாடுவோமே, உன் கால்சட்டை கிழிந்தது அதில்தான். அதில் துளை போட்டிருக்கிறார்கள். வரிசையாக, ஊசி குத்தின மாதிரி. எதற்கு என்று மேஸ்திரியைக் கேட்டேன். புதுக் கூடத்தின் வாசற்படி ஒரே கல்லாக இருக்க வேண்டுமாம். அவ்வளவு நீளமான கல் மலையில் இனி இது ஒன்றுதானாம். எல்லோரும் மிதித்து உள்ளே போகிற படி, மருமகள் பேரைச் சொல்லி வைக்கப்போகிற படி என்று முதலாளி சொல்லியிருக்கிறாராம்.

நான் பாறை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். வேலை நின்றது. மேஸ்திரி கீழே நின்றுகொண்டு கெஞ்சினார். “அக்கா, முதலாளி தங்கச்சின்னுதான் பாக்கறேன். நான் கூலிக்கு வேலை செய்யறவன். அவர் நிறுத்துன்னா நிறுத்திட்டுப் போறேன், எனக்கென்ன இந்தப் பாறை மேல ஆசையா? ஆனா அவர் வாயால வரணும்” என்றார். எனக்கு அவரைத் திட்டத் தோன்றவில்லை. அவர் கண்ணும் தூசியில் சிவந்து கிடந்தது. இறங்கி வந்துவிட்டேன், இங்கே வர வேண்டுமே. விழாவுக்கு முன்பு வெடி வைத்தாக வேண்டும், அதுவரை காத்திருக்கிறேன் என்றார்.

நிறுத்தச் சொல். ஊருக்குத் திரும்பியதும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பு, மேஸ்திரிக்குப் போன் போட்டு நிறுத்தச் சொல்.

நர்ஸ் கூப்பிடுகிறார். போகிறேன்.

* * *

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணி எல்லாம் சொன்னார். என் கடிதத்தைப் படித்துவிட்டு நீ பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்ததையும், வெளியே வந்து கூட வேலையை இன்னும் வேகமாக முடிக்கச் சொன்னதையும் சொன்னார். வாக்கு நிறைவேறத் தாமதமானதால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று சொல்கிறாயாம். மேஸ்திரி முந்தாநாளே வெடி வைக்கத் தயாராகிவிட்டார்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். நீ பணத்துக்காகச் செய்கிறாய் என்று ஊரில் சிலர் பேசுகிறார்கள். அது பொய் என்று எனக்குத் தெரியும். நீ பயந்துபோயிருக்கிறாய். அன்று ஊற்றங்கரையில் பயந்து நின்றாயே, அதிலிருந்து நீ இன்னும் வெளியே வரவில்லை. ஒரு கல் குறைந்தால் இவள் மூச்சு ஒன்று குறைந்துவிடும் என்று கணக்குப் போடுகிறாய். நான் பெற்றவள், எனக்கு அந்தப் பயம் இல்லாமலா இருக்கும்? ஆனால் நான் இங்கே பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன், அண்ணா. அவளுக்கு மூச்சு குறைவது கல் குறைந்ததால் இல்லை. டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நம் மலை அங்கே இருக்கிறது. வெள்ளை வெள்ளையாக, பொடியாக.

கேட்டுக்கொள், கூடத்தில் ஒன்று நடந்தது. இவர் போயிருந்தார், வந்து சொன்னார். பிரார்த்தனை முடிகிற நேரம். பெரியவர் மலையும் மரமும் நீரும் உன்னுடையவை என்று சொன்னார். எங்கள் கையில் கொடுத்துவைத்திருக்கிறாய் என்று சொன்னார். அடுத்த வரி வரவில்லை. வெடி எதுவும் வெடிக்கவில்லை, சும்மாவே வரவில்லை. இருமல் சத்தம் மட்டும் கேட்டதாம். மறந்துவிட்டார் என்று நினைத்து முன்வரிசையில் ஒருத்தர் எடுத்துக்கொடுத்தார். பெரியவர் தலையை ஆட்டினார். “எனக்குத் தெரியும். சொல்ல முடியல” என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். கொஞ்சம் பேர் முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். நிறையப் பேர் உட்கார்ந்தே இருந்தார்கள். என்னைப் பற்றிப் பேசினாரே, அந்த மனிதரும் உட்கார்ந்திருந்தாராம், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு.

அங்கிருந்து பெரியவர் நேராக இங்கே வந்தார். கட்டில் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார். பிறகு என்னை வராந்தாவுக்கு அழைத்துக் கேட்டார், வாக்குக் கொடுத்தபோது உங்கள் அண்ணன் முதலில் என்ன சொன்னார், மூச்சு என்றா, கல் என்றா என்று. மூச்சு என்றுதான் முதலில் சொன்னார், கல் பிறகுதான் என்றேன். “அப்ப முதல்ல சொன்னதுதான் வாக்கு, பின்னால சொன்னது காணிக்கை. காணிக்கைய மாத்தலாம். மலையாலேயே வீடு கட்டறேன்னு சொன்னவன், மலையையே வீடா விட்டுடறேன்னு சொல்லட்டும், சாமி ஏத்துக்குவார். நான் பொறுப்பு. ஆனா நான் போய்ச் சொல்ல முடியாது, நீயும் சொல்ல முடியாது. சொன்ன இடத்துல நின்னு சொன்னவன்தான் சொல்லணும்” என்றார். அதுவரைக்கும் புதுக் கூடத்து அறைக்குக் குடிபோக மாட்டாராம். விழாவுக்கும் வர மாட்டாராம். நான் முதல்தடவையாக அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன்.

அவரே மேஸ்திரியிடமும் போய்ப் பேசியிருக்கிறார். நீயே நேரில் வந்து சொல்லும்வரை வெடிமருந்து அடைப்பதில்லை என்று மேஸ்திரி ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் ரொம்ப நாள் தாங்காது, நீ தினமும் போன் போட்டுக் கேட்கிறாய் என்கிறார்.

பட்டாணி நேற்று கொஞ்சம் தெளிந்தாள். முகமூடியைத் தூக்கிவிட்டு என்னிடம் பேசப் பார்த்தாள். பேசாதே என்றால் கேட்கவில்லை, உன் மருமகள்தானே. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் இழுத்து இழுத்துச் சொன்னாள். “மாமாகிட்ட சொல்லும்மா. எனக்குப் படி வேண்டாம். பாறை இருந்தா மீன் வரும்.” இவ்வளவுதான். அதற்கே கட்டில் பக்கத்தில் மூச்சை அளக்கிற இயந்திரம் கத்த ஆரம்பித்துவிட்டது, நர்ஸ் ஓடிவந்தார், எனக்கும் திட்டு விழுந்தது. இன்று காலையிலிருந்து கண் திறக்கவில்லை. டாக்டர் நாளைக்குப் பார்க்கலாம் என்கிறார். எதைப் பார்க்கலாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறார். நேற்றுச் சாப்பிட வைத்தது அப்படியே இருக்கிறது.

காணிக்கையை மாற்றினால் கடவுள் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்படாதே. கோபம் வந்தால் என் மேல் வரட்டும், தங்கை பிடிவாதம் பிடித்தாள் என்று சொல்லிவிடு. சின்ன வயதிலிருந்து உன் தப்புக்கெல்லாம் நான்தானே அடி வாங்கினேன். இதையும் வாங்கிக்கொள்கிறேன், வலிக்காது.

விரிப்புகள் வெளுக்கப்படாமல் அப்படியேதான் கிடக்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்து இவள் கட்டிலில் விரித்திருக்கிறேன். நீ வாங்கியது என்று தெரிந்தால் சந்தோஷப்படுவாள்.

ஆஸ்பத்திரிக்கு வருகிற வழியில் இன்று மறுபடியும் ஊற்றங்கரைக்குப் போனேன். குழி காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. ஆனால் அந்தப் பாறைக்கு அடியில் கையைவிட்டுப் பார்த்தேன், அண்ணா. முழங்கை வரை விட்டேன். ஜில்லென்று இருந்தது. கையை எடுத்தபோது விரல் நுனியில் ஈரம். துடைக்காமல் அப்படியே வந்து இவள் நெற்றியில் வைத்தேன்.

நான் உனக்குச் சின்னவள். உன்னை ஆசீர்வதிக்கிற வயது எனக்கு இல்லை, உன் ஆசீர்வாதத்தைக் கேட்டே பழகினவள். இன்றும் கேட்கிறேன். பழமும் பொம்மையும் வாங்கிக்கொண்டு வராதே, கணக்குப்பிள்ளையை அனுப்பாதே. அன்று ஓடினாயே, அதே மாதிரி ஓடிவா. வந்து ஊற்றங்கரையில் நின்று, அந்த ஈரத்தை முகத்தில் தொட்டுக்கொண்டு, அன்று சொன்னதில் முதல் பாதியை மட்டும் இன்னொரு முறை சொல்.

பாறைக்கு அடியில் இன்னும் ஈரம் இருக்கிறது. இவளுக்கும் இன்னும் மூச்சு இருக்கிறது. இரண்டும் இருக்கும்போதே வந்துவிடு, அண்ணா.

உன் தங்கை